காட்பாடியில் அட்வான்ஸ் கட்டியாச்சு, கவுன்சிலிங்கில் பர்கூர் வந்திருக்கு. தம்பியை எங்கே சேர்ப்பது?

தறிவீட்டுப்பெண்:

எல்லோருக்கும் வணக்கம். ஊர் குடியாத்தம். நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் செக்‌ஷனில் இருக்கிறேன். அப்பாவுக்கு லுங்கித் தறி, அம்மா பீடி சுற்றுகிறார். எங்கள் வீட்டில் இதுவரை யாரும் டிகிரி முடித்ததில்லை, நானும் பிளஸ் டூவோடு நின்றவள்தான். அதனால் கேட்பதில் விவரம் தெரியாத்தனம் இருந்தால் திட்டாமல் சொல்லுங்கள்.

தம்பிக்கு பொறியியல் கட் ஆஃப் 200-க்கு 177.5. ஏப்ரலில், காட்பாடியில் இருக்கிற தனியார் பல்கலைக்கழகம் விஐடியின் நுழைவுத் தேர்வு எழுதினான், மே மாதம் கம்ப்யூட்டர் சயின்ஸில் இடம் கிடைத்தது. அங்கே ரேங்க் பின்னால் போகப் போக ஃபீஸ் ஏறும், அஞ்சு கேட்டகிரி வைத்திருக்கிறார்கள், இவனுக்கு முதல் கேட்டகிரி வரவில்லை. அப்பா பெரிய மாமாவிடம் கைமாற்று வாங்கி அட்வான்ஸைக் கட்டிவிட்டார். மீதிக்குக் கல்விக் கடன், நாலு வருஷத்துக்கும் சேர்த்து 10 லட்சம் வாங்கினால்தான் முடியும் என்று கணக்கு. இப்போது அரசு கவுன்சிலிங்கில் இரண்டாவது சுற்றில் பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் இசிஇ (எலக்ட்ரானிக்ஸ்) தற்காலிக ஒதுக்கீடாக வந்திருக்கிறது. விருப்பப் பட்டியலில் அதற்கு மேலே வேலூர் பாகாயம் அரசுக் கல்லூரி கம்ப்யூட்டர் சயின்ஸைப் போட்டிருந்தான், அது வரவில்லை.

அப்பா சொல்வது: "வடநாட்டுப் பிள்ளைங்க ரெண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து இங்க வந்து படிக்குது. நம்ம பிள்ளை வாசல்ல இருக்கறதை விட்டுட்டு பர்கூர் போகணுமா? கட்டின பணம் என்னாகும்?" ஆயா சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாள், பேரன் ஹாஸ்டலுக்குப் போனால் இளைத்துப் போவானாம். தம்பி வாயே திறக்கவில்லை, கேட்டால் "நீங்க சொல்ற இடம்" என்கிறான். எனக்கு அந்தக் கடனை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை. பதில் சொல்ல இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கிறது.

ஒன்னாம்நம்பர்பஸ்:

சகோதரி, முதலில் அவசரமான விஷயம். தற்காலிக ஒதுக்கீட்டுக்கு அந்த ரெண்டு நாளுக்குள் லாகின் செய்து பதில் கொடுக்காவிட்டால் பர்கூர் கையை விட்டுப் போய்விடும். வீட்டில் சண்டை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 'அக்செப்ட் அண்ட் ஜாயின்' கொடுத்தால் பர்கூரே முடிவு. 'அக்செப்ட் அண்ட் அப்வர்ட்' கொடுத்தால் பர்கூர் உங்கள் பெயரில் இருக்கும், மேலே உள்ள பாகாயத்தில் யாராவது விலகி இடம் காலியானால் தானாக அங்கே நகரும். ஒன்றைக் கவனியுங்கள், நகர்ந்தபின் பர்கூர் திரும்பக் கிடைக்காது. உங்கள் தம்பிக்கு 'அப்வர்ட்'தான் சரி. இதற்கும் காட்பாடி அட்வான்ஸுக்கும் சம்பந்தமில்லை, அது அப்படியே கிடக்கும், அதனால் இதைக் கொடுத்துவிட்டு நிதானமாக யோசிக்கலாம்.

நான் பாகாயத்தில் படித்தவன், தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரி, 1990-ல் ஆரம்பித்தது. காட்பாடி ஸ்டேஷனில் இறங்கி ஒன்னு அல்லது ரெண்டாம் நம்பர் பஸ் பிடித்தால் கடைசி ஸ்டாப். அந்தப் பஸ்ஸில் நாலு வருஷமும் தொங்கியிருக்கிறேன். காட்பாடிப் பக்கம் படிக்கிற பசங்களும் அதே பஸ்ஸில் வருவார்கள், அவர்கள் ஷூவைப் பார்த்தே எந்த காலேஜ் என்று சொல்லிவிடுவோம். அப்போது கொஞ்சம் வயிற்றெரிச்சல் இருந்தது உண்மை. இப்போது இல்லை, ஏனென்றால் முதல் மாதச் சம்பளம் முழுசும் என் கையில் நின்றது.

அப்புறம் ஒரு கேள்வி. தம்பி ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியா? அப்படியென்றால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வருவான், படிப்புக் கட்டணம், ஹாஸ்டல் எல்லாம் அரசே கட்டும், கவுன்சிலிங் வழி கிடைக்கிற தனியார் கல்லூரியாக இருந்தாலும் சரி. அதைப் பார்த்தீர்களா?

தறிவீட்டுப்பெண்:

அண்ணா, அதைக் கேட்டாலே வயிறு எரிகிறது. ஆறிலிருந்து எட்டு வரை தெருமுனையில் இருந்த அரசு உதவி பெறும் பள்ளி, ஒன்பதிலிருந்துதான் அரசு ஆண்கள் மேல்நிலைப் பள்ளி. உதவி பெறும் பள்ளி அந்தக் கணக்கில் வராதாம். அவன் ஆறாவது சேர்ந்தது 2018-ல், அந்த ஒதுக்கீடே அப்போது கிடையாது, சாலையைக் கடக்க வேண்டாமே என்று பக்கத்தில் சேர்த்தோம். பொறியியலுக்கு 2021-ல்தான் வந்தது. முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கி வைத்திருக்கிறோம்.

'அப்வர்ட்' இன்றைக்கு இரவே கொடுத்துவிடுகிறேன்.

ராணிப்பேட்டைதாத்தா:

அம்மா, நான் வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன், கல்விக் கடன் மேஜையில்தான் பாதி காலம். உங்களுக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் இருக்கிறது, ஆனால் பயமாக இருக்கிற விஷயத்தைக் கணக்காகப் பார்த்தால் பாதி பயம் போய்விடும். மீதிப் பாதி நியாயமான பயம்.

வருஷத்துக்கு 2.5 லட்சம் வீதம் நாலு தடவை, வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கிற நாலு வருஷமும் அதற்கப்புறம் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம், ஆனால் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். சாதா வட்டியாகவே போட்டாலும் 3.5 லட்சம். ஆக, தவணை ஆரம்பிக்கிற அன்று கடன் 13.5 லட்சம். பத்து வருஷத்தில் அடைப்பதென்றால் மாதம் 17,800 பக்கம். கூட்டிப் பாருங்கள், கடைசியில் கட்டி முடிப்பது 21 லட்சத்துக்கு மேல்.

வீட்டு வருமானம் வருஷம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் அந்த அஞ்சு வருஷ வட்டியை மத்திய அரசு ஏற்கிற திட்டம் இருக்கிறது. கல்லூரியின் தரத்துக்குக் கொடுக்கிற நாக் அங்கீகாரமாவது அந்தப் பாடத்தின் தரத்துக்குக் கொடுக்கிற என்பிஏ அங்கீகாரமாவது இருக்க வேண்டும். நீங்கள் அதில் வருவீர்கள் என்றே நினைக்கிறேன். அப்போது கடன் 10 லட்சத்திலேயே நிற்கும், தவணை மாதம் 13,200 பக்கம். இது தம்பிக்கு வேலை கிடைத்தால். கிடைக்கத் தாமதமானால் அந்தக் கடிதம் வரப்போவது உங்கள் அப்பா பெயருக்கு, ஏனென்றால் அவர்தான் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போடுவார். 4 லட்சம் வரைக்கும் நாங்கள் அடமானமும் கேட்க மாட்டோம், கையிலிருந்து பங்கும் கேட்க மாட்டோம். அதற்கு மேல் போனால் பேச்சே வேறு. 7.5 லட்சத்தைத் தாண்டினால் பெரும்பாலும் சொத்துப் பத்திரம் எங்கே என்றுதான் ஆரம்பிக்கும். பெரிய ரேங்கில் இருக்கிற கல்லூரிகளுக்கு இப்போது பிணையில்லாமல் கடன் கொடுக்கும் பிஎம் வித்யாலட்சுமி திட்டம் வந்திருக்கிறது, 2024 கடைசியில். அப்பாவிடம் வீட்டுப் பத்திரம் பற்றி யாராவது பேசினார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் கட்டின பணம். "போய்விடுமே" என்பதற்காக இன்னொரு 10 லட்சத்தைப் பின்னாலேயே அனுப்புவது நான் மேஜையில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துச் சலித்த காட்சி. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-ல் போட்ட விதிப்படி, சேர்க்கைக்குக் கடைசித் தேதியாக அறிவித்த நாளுக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னால் விலகினால் முழுத் தொகையும் திரும்ப வர வேண்டும், நிர்வாகச் செலவு என்று 5 சதவீதம் பிடிக்கலாம், அதுவும் 5,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. கடைசித் தேதிக்கு 15 நாளைவிடக் குறைவாக இருந்தால் 90 சதவீதம், தாண்டி 15 நாள் வரை 80, முப்பது நாள் வரை 50, அதற்கப்புறம் ஒன்றுமில்லை. சில வருஷங்களில் இதைவிடத் தாராளமாகச் சுற்றறிக்கை வந்திருக்கிறது, இந்த வருஷத்தையும் பாருங்கள். அசல் சான்றிதழ்களை யாரும் பிடித்து வைக்கக் கூடாது என்பதும் அதே விதியில் இருக்கிறது. விலகுவதென்றால் போனில் பேசாமல் மின்னஞ்சலில் தேதியோடு எழுதுங்கள். தள்ளிப் போடுகிற ஒவ்வொரு வாரத்துக்கும் காசு போகும்.

ஒயிட்ஃபீல்டுவேலூர்க்காரி:

எல்லோரும் ஒரு பக்கமாகவே சாய்கிறீர்கள், நான் கொஞ்சம் இந்தப் பக்கம் நின்று பேசுகிறேன். நான் தனியார் பல்கலைக்கழகத்தில் (காட்பாடி இல்லை, வேறு ஊர்) கடன் வாங்கித்தான் படித்தேன். இப்போது பெங்களூரில் இருக்கிறேன், கடனை அடைத்தும் விட்டேன். வருத்தமில்லை. அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. விஐடி 1984-ல் வேலூர் இன்ஜினியரிங் காலேஜ் என்று ஆரம்பித்து 2001-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆன இடம். எந்தப் பாடத்தை எந்த ஆசிரியரிடம் எந்த நேரத்தில் படிப்பது என்று மாணவரே டைம்டேபிள் போட்டுக்கொள்ளலாம், பல மாநிலத்துப் பிள்ளைகளோடு பழகியதில் கூச்சம் போகும், கம்பெனிகள் வந்து குவியும். எல்லாம் நிஜம். அரசுக் கல்லூரியில் படித்த என் அண்ணனுக்கு ஒரு பாடத்துக்குப் பாதி செமஸ்டர் வரை ஆசிரியரே வரவில்லை, அதுவும் நிஜம். எந்தக் கல்லூரி என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனிகள் குவியும் இடத்தில் மாணவர்களும் ஆயிரக்கணக்கில் குவிந்திருப்பார்கள். போஸ்டரில் இருக்கிற அந்த ஒரு பையனின் சம்பளத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசைக்குப் போகிற கல்லூரிகள் எல்லாம் தாங்கள் கொடுத்த தகவலைத் தங்கள் இணையதளத்தில் போட வேண்டும். அதில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் நாலு வருஷத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, இடைநிலைச் சம்பளம் எவ்வளவு என்று இருக்கும். இடைநிலை என்றால், எல்லோரையும் சம்பள வரிசையில் நிற்க வைத்தால் நடுவில் நிற்கிறவன் வாங்குவது. உங்கள் தம்பி அங்கே நடுவில் நிற்பான் என்று வைத்துக்கொண்டு, தாத்தா சொன்ன தவணையை அந்தச் சம்பளத்தில் கழித்துப் பாருங்கள். தன்னாட்சி பெறாத, அதாவது தானே தேர்வு நடத்தாத, கல்லூரி என்றால் அண்ணா பல்கலைக்கழகம் ஒவ்வொரு செமஸ்டருக்கும் கல்லூரிவாரியாகத் தேர்ச்சி விகிதம் வெளியிடுகிறது, அதையும் பாருங்கள்.

இன்னொன்று. குடியாத்தத்திலிருந்து தினமும் காட்பாடி போய் வருவது கேட்க நன்றாக இருக்கும். வீட்டிலிருந்து வருகிறவனுக்குச் சாயங்காலம் ரயிலைப் பிடிக்கிற கவலைதான். கிளப், இரவு முழுக்க உட்கார்ந்து புரோகிராம் எழுதுகிற கும்பல், சீனியர் அறையில் நடக்கிற இன்டர்வியூ பயிற்சி, எல்லாம் ஆறு மணிக்கு மேல்தான் ஆரம்பிக்கும். பெரிய கட்டணம் கட்டுவதே அதற்காகத்தான் என்றால் அதில் பாதியை வேண்டாம் என்று விட்டுவிட்டு ரயில் ஏறுகிற மாதிரி. ஹாஸ்டலும் சேர்த்தால் 10 லட்சம் போதாது.

சும்மாபோறவன்:

இன்ஜினியரிங் படிச்சவன் எல்லாம் பைக்கில் சாப்பாடு கொண்டுபோறான். பேசாமல் தறியில் உட்கார வையுங்க.

தறிவீட்டுப்பெண்:

தறியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? அப்பாவுக்கு முழங்கால் போய் அஞ்சு வருஷம் ஆகிறது.

வாணியம்பாடிஅம்மா:

கண்ணு, என் பெரிய பையன் பர்கூரில்தான் மூணாவது வருஷம், இசிஇ. ஆயாவிடம் சொல்லு, இளைக்கவில்லை, தொப்பை போட்டிருக்கிறான். ஹாஸ்டல் மெஸ் டிவைடிங் முறை, மாதச் செலவை எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கு போடுவார்கள், மாசத்துக்கு மாசம் கொஞ்சம் ஏறும் இறங்கும். காலேஜ் நெடுஞ்சாலை ஓரத்திலேயே இருக்கிறது, ஆம்பூர், வாணியம்பாடி, நாட்றம்பள்ளி தாண்டினால் பர்கூர், கிருஷ்ணகிரி பஸ் எது வந்தாலும் ஏறலாம். சனிக்கிழமை மத்தியானம் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் துணி மூட்டையோடு வீட்டுக்கு வந்துவிடுவான், எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான். அங்கே முதல் பட்டதாரி சலுகையால் பெரிசாக ஒன்றும் மிச்சமில்லை, ஏனென்றால் அரசுக் கல்லூரியில் படிப்புக் கட்டணமே சொற்பம். அந்தச் சலுகை கவுன்சிலிங் வழி தனியார் கல்லூரிக்குப் போகிறவர்களுக்குத்தான் கை கொடுக்கும். காட்பாடிக்கு அது பொருந்தாது, அது கவுன்சிலிங்கில் வராத இடம்.

நீ கேட்காத ஒன்று சொல்கிறேன். அம்மா பீடி சுற்றுகிறார் என்றாயே, பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்கிறதா? இருந்தால் தொழிலாளர் நல அமைப்பு கொடுக்கிற உதவித்தொகை இருக்கிறது, இன்ஜினியரிங் மாதிரித் தொழிற்படிப்புக்கு வருஷம் 25,000. தேசிய ஸ்காலர்ஷிப் போர்ட்டலில் விண்ணப்பிக்க வேண்டும், வருமான வரம்பு உண்டு, தேதி தாண்டினால் அந்த வருஷம் அம்போ. என் நாத்தனார் அட்டையில் அவள் பையனுக்கு வாங்கினோம். அப்புறம், உன் தம்பி உதவி பெறும் பள்ளியில் படித்தது தமிழ் வழியா? அப்படியென்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், அதற்கு உதவி பெறும் பள்ளியும் சேரும். இந்த ரெண்டும் வந்தால் மெஸ் பில்லில் பெரும்பாகம் அடிபட்டுப் போகும்.

ஒன்னாம்நம்பர்பஸ்:

வாணியம்பாடி அம்மா சொன்ன பீடி அட்டை விஷயம் எனக்கே தெரியாது. எங்கள் வகுப்பில் மட்டும் பத்துப் பேருக்காவது கிடைத்திருக்கும்.

இசிஇ என்று தம்பி மனசு விட்டிருந்தால் ஒன்று சொல்லுங்கள். சாஃப்ட்வேர் வேலைக்கு வருகிற கம்பெனிகள் பல, இசிஇ பிள்ளைகளையும் கூப்பிடும், அரியர் இருக்கக் கூடாது என்பதில்தான் கறாராக இருப்பார்கள். அதோடு கிருஷ்ணகிரி மாவட்டம் இப்போது பழைய கிருஷ்ணகிரி இல்லை, ஓசூர்ப் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ், போச்சம்பள்ளியில் ஓலா ஸ்கூட்டர் தொழிற்சாலை என்று வந்துவிட்டது. சேர்ந்ததும் வேலை என்று சொல்ல வரவில்லை. விடுமுறையில் இன்டர்ன்ஷிப் கேட்டுப் போய் நிற்க வாசல் இருக்கிறது.

தறிவீட்டுப்பெண்:

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

'அக்செப்ட் அண்ட் அப்வர்ட்' அன்றைக்கே கொடுத்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் ராணிப்பேட்டை தாத்தா போட்ட கணக்கை ஒரு நோட்டில் எழுதிக் காட்டினேன். 21 லட்சம் என்றதும் அவர் அசரவில்லை, "பிள்ளை சம்பாதிப்பான்" என்றார். அதனால் குறைந்த கணக்கையே, அதாவது வட்டியை அரசு கட்டினால் வருகிற 13,200-ஐ, என் சம்பளச் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். பிஎஃப், இஎஸ்ஐ பிடித்தம் போக என் கைக்கு வருவது அதைவிடக் குறைவு. எட்டு மணி நேரம் நான் உட்கார்ந்து தைக்கிற காசு முழுசும் போனாலும் ஒரு மாசத் தவணை தீராது. அப்பா ரொம்ப நேரம் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவருக்கு இப்போது 54, கடன் முடியும்போது 69 என்றேன். அதற்கு அவர் பேசவில்லை, எழுந்து போய்த் தறியில் உட்கார்ந்துவிட்டார். கோபமா வருத்தமா தெரியவில்லை, ரெண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

பத்திரம் பற்றிக் கேட்டேன் தாத்தா. மாமா ஏற்கெனவே வீட்டுப் பத்திரத்தை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார். எனக்கும் அம்மாவுக்கும் தெரியாது. அம்மா அன்றைக்குச் சமைக்கவில்லை.

தம்பி நேற்றுதான் வாயைத் திறந்தான். அவனுக்குக் காட்பாடி மேல் ஆசைதான், அந்த கேட் வழியாகப் போகும்போதெல்லாம் பார்த்துப் பார்த்து வளர்ந்தவன், அதை மறைக்கவில்லை. ஆனால் "பத்திரம் வைச்சுப் படிச்சா ஒரு அரியர் விழுந்தாக்கூட வீட்டுக்கு வர பயமா இருக்கும்கா" என்றான். அப்பா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். இன்று காலை அவரே விலகல் மின்னஞ்சலைத் தேதி போட்டு அனுப்பச் சொன்னார், அனுப்பியாச்சு, பதிவு எண்ணோடு பதிலும் வந்துவிட்டது. கடைசித் தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது, வருவது வந்ததும் முதலில் மாமாவுக்குத் திருப்ப வேண்டும்.

உதவி மையத்தில் பர்கூருக்கான பணத்தைக் கட்டிவிட்டோம். 'அப்வர்ட்' ரிசல்ட் இன்னும் வரவில்லை, பாகாயம் வந்தால் ஆயா மொட்டை போடுகிறேன் என்று இரத்தினகிரி முருகனுக்கு வேண்டியிருக்கிறாள், யாருக்கு மொட்டை என்று சொல்லவில்லை, தம்பி பயந்துபோய் இருக்கிறான். அம்மாவின் பீடி அட்டை பழைய பெட்டியில் கிடைத்தது, போட்டோ மங்கிவிட்டது, புதுப்பிக்க எங்கே போக வேண்டும் என்று நாளைக்கு விசாரிக்கிறேன்.

வாணியம்பாடி அம்மா, பர்கூரே என்று ஆனால் ஹாஸ்டலுக்குப் பாய், வாளி எல்லாம் நாங்களே கொண்டுபோக வேண்டுமா?

வாணியம்பாடிஅம்மா:

வாளி, மக், ஒரு நல்ல பூட்டு, போர்வை ரெண்டு. கிருஷ்ணகிரிப் பக்கம் மார்கழியில் குளிரும். பாயும் கொண்டு போ, கட்டில் கிடைத்தாலும் மேலே விரிக்க ஆகும். வாளியில் பெயிண்டால் பெயர் எழுதிவிடு, இல்லையென்றால் முதல் வாரமே காணாமல் போகும், என் பையன் மூணு வாளி தொலைத்துவிட்டான். பீடி அட்டையைப் புதுப்பிக்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோ, எண் அதில்தான் இருக்கும்.